பிள்ளையாருக்குப் பார்த்த பப்

எங்கள் சங்க மண்டபத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயற்குழுவிலிருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். "அன்ரி, அந்த நாளையில எல்லாக் கட்டடத்தையும் போய் அளந்து பாத்தது நீங்கள்தானாமே. இந்த மண்டபம் எப்பிடி வந்தது எண்டு எழுதித் தாங்கோ" என்று ஒருத்தி தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தாள். சரி என்றேன்.

எழுத உட்கார்ந்தபோது வந்தது வேறொரு கட்டடம். இப்போதைய மண்டபத்தைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் போய்ப் பார்த்து வேண்டாமென்று விட்டுவந்த இடத்தைப் பற்றி எழுத நான் ஒருத்திதான் மிச்சம். அது ஒரு பப். மலரில் போட முடியாதென்றால் போடாமல் விடுங்கள். குறை நினைக்க மாட்டேன். இதில் வரும் அத்தான், அக்காவின் கணவர், இப்போது இல்லை. அக்காவுக்குப் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே தருகிறேன். ஹோட்டலின் பெயரை மட்டும் எழுதவில்லை.

நான் கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞராகப் பயின்றவள். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு நியூசிலாந்துக்கு, ஓக்லாந்தில் சான்ட்ரிங்ஹாமில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்தேன். சில மாதம் ஒரு கடையில் பெட்டி அடுக்கினேன். பிறகு பழைய கட்டடங்களை அளந்து வரைபடமும் நிலை அறிக்கையும் தயாரிக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதே தொழில்தான். படிப்பைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. உண்மையில் படித்தது கொலினிடம்.

கொலின்தான் அலுவலகத்தின் முதலாளி. முதல் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். என்னால் முடியவில்லை. "மிஸ்டர் கொலின்" என்றேன். "யெஸ், மிஸ் வசந்தி" என்று அவரும் கடைசிவரை விடாமல் பதில் சொன்னார். கூரை விழுந்த வீடாக இருந்தாலும் வாசலில் சப்பாத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக அனுமதி கேட்பார், அலமாரிக்குக்கூட. அறையின் நீளத்தைத் துண்டு துண்டாக அளந்து கூட்டவே விடமாட்டார். டேப்பின் பூச்சியத்தை ஒரு மூலையில் பிடித்தால், கதவு, ஜன்னல், அடுப்பு என்று அந்தச் சுவரில் உள்ள எல்லாவற்றையும் அதே பூச்சியத்திலிருந்தே வாசிக்க வேண்டும். துண்டுகளாக அளந்தால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு சிறு பிழை சேர்ந்து, கடைசியில் வரைபடத்தில் அறை மூடாது. வாசிப்பவர் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்; எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். பிறகு மூலைக்கு மூலை குறுக்களவு. "பழைய அறை எதுவும் சதுரமில்லை. சதுரம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறவர்தான் பிழை விடுகிறார்" என்பார்.

கெட்ட செய்தி சொல்வதற்கும் அவரிடம் முறை இருந்தது. நேரில் போய், நின்றுகொண்டு, தேநீரை வாங்குவதற்கு முன் சொல்ல வேண்டும். வாங்கிவிட்டால் சொல்ல மாட்டோம் என்பது அவருடைய அனுபவம்.

இன்று இளையவர்கள் ஒரு கருவியை அறை நடுவில் நிறுத்திவிட்டு வெளியே போய்க் கோப்பி குடிக்கிறார்கள். அது தானே சுற்றிப் பார்த்துச் சுவரையெல்லாம் புள்ளிகளாக்கித் தருகிறது. எங்கள் அளவுகளைவிட அது சரியானது; அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எங்கள் காலத்தில் ஒரு கட்டடத்தை அளக்க இரண்டு பேர் பல நாள் போக வேண்டும். பல நாள் போனால் அங்கே குடியிருப்பவரோடு பழகாமல் இருக்க முடியாது. அப்படித்தான் அந்தப் பப்பின் சொந்தக்காரி மோரீனோடு பழகினேன்.

அப்போது எங்கள் பகுதி மதுவிலக்குப் பகுதி. அங்கிருந்தவர்கள் வாக்களித்து, மதுக்கடையே வேண்டாம் என்று பல காலமாக வைத்திருந்தார்கள். அந்த எல்லைக் கோட்டைத் தாண்டியதும் தெருவின் அடுத்த பக்கத்தில் நின்ற முதல் கட்டடம் இந்த ஹோட்டல். பெயர்தான் ஹோட்டல், ஆட்கள் வந்தது கீழே இருந்த பப்புக்கு. வறண்ட பக்கத்தின் தாகம் முழுவதும் அங்கேதான் வந்து சேர்ந்தது.

கட்டடத்தின் வரலாற்றை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. கட்டடத்தைப் பார்த்தே சொல்லக்கூடியதாக இருந்தது. முதலில் முழுக்க மரம். பின்பக்கத்து ஒற்றைமாடிச் சாப்பாட்டு மண்டபம் மட்டும் அந்தக் காலத்தது. கௌரி என்ற இந்த நாட்டு மரத்தில் அகலமான தரைப்பலகைகள், பலகை ஒன்று என் கை முழத்தைவிட அகலம். முன்பக்கம் எரிந்துபோய்ச் செங்கல்லில் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். பழைய மரமும் புதிய செங்கல்லும் சந்திக்கும் இடத்தில் கருகிய தூண் ஒன்று சுவருக்குள் அப்படியே நின்றது. முன்பக்கப் பாரில், சுவர்ப் பலகைக்குப் பின்னால் தோள் உயரத்துக்குப் பச்சை ஓடு. கம்பளத்துக்கு அடியில் தரை ஒரு மூலையை நோக்கிச் சரிந்து வடிகாலில் முடிந்தது. நான் அதைக் கட்டடம் அமிழ்ந்த சரிவு என்று குறித்தேன். மோரீன் சிரித்தார்.

"அது அமிழ்ந்ததில்லை, லவ். கழுவுவதற்கு." யாரையும் அவர் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். "அந்தக் காலத்தில் ஆறு மணிக்குப் பார் மூட வேண்டும் என்று சட்டம். ஐந்து மணிக்கு வேலை முடிந்து எல்லா ஆம்பிளைகளும் ஓடி வருவார்கள். ஒரு மணித்தியாலத்தில் குடிக்கக்கூடியதை எல்லாம் குடிப்பார்கள். நாற்காலி கிடையாது. பியரை ஹோஸ் பைப்பால் ஊற்றினோம். ஆறேகாலுக்கு அதே மாதிரி இன்னொரு ஹோஸ், தண்ணீர் ஹோஸ், சுவரும் தரையும் கழுவ."

அந்தச் சட்டம் போன பிறகு ஓட்டின் மேல் பலகை அடித்து, தரைக்குக் கம்பளம் போட்டு, பெண்களும் வந்திருக்க ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எதுவும் மாறவில்லை.

மோரீன் பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு மேல்மாடி அறைகளில் படுக்கை விரிக்கும் வேலைக்கு வந்தவர். உரிமையாளரின் மகனைக் கட்டினார். பாருக்குப் பின்னால் பெண்கள் நிற்பதற்குத் தடை இருந்த காலம் அது. உரிமையாளர் வீட்டுப் பெண் என்பதால் அவர் நிற்கலாம். கணவர் இறந்து, வாடிக்கை குறைந்து, அவருக்கு முழங்கால் போய்விட்டது. விற்க வேண்டிய நிலை. வாங்க வந்திருந்த கம்பனி, இடித்துவிட்டுக் கடைவரிசையும் கார் நிறுத்த இடமும் போட நினைத்தது. மோரீன் கொலினை அமர்த்தியது அதனால்தான். கட்டடம் உறுதியானது என்று ஓர் அறிக்கை இருந்தால், அதை வைத்திருக்க விரும்பும் ஒருவர் வரக்கூடும்.

"இரண்டே இரண்டு நிபந்தனை" என்றார் என்னிடம். "இது நிற்க வேண்டும். மேல்மாடி மூலை அறையில் நான் போகும்வரை இருக்க வேண்டும். அதற்கு ஏற்றபடி விலையில் குறைத்துக்கொள்கிறேன். மகன் புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்யும் இடத்தில் வேலை செய்கிறான். அவன் மனைவிக்கும் எனக்கும் ஒரு கூரை போதாது."

அப்போது எங்கள் சங்கத்துக்கு இடம் கிடையாது. வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுப்போம். பிள்ளையார் அத்தான் வீட்டில் இருப்பார். வெள்ளிக்கிழமை பின்னேரம் காரின் பின் ஆசனத்தில் பெல்ட் போட்டு அவரைக் கொண்டுபோய், பூசை முடிந்ததும் அதே பெல்ட்டோடு கொண்டுவருவோம். அத்தான்தான் சங்கப் பொருளாளர். தொழிலும் கணக்காளர். ஒரு சொல் கூடுதலாகப் பேசாதவர்.

ஓர் இரவுச் சாப்பாட்டின்போது ஹோட்டலைப் பற்றிச் சொன்னேன். பின்பக்கச் சாப்பாட்டு மண்டபத்தில் எங்கள் சனம் முழுவதும் இருக்கலாம், கூரை நல்லது, சமையலறை பெரிது, விலை எங்களால் கொடுக்கக்கூடியது.

அத்தான் சோற்றைப் பிசைந்த கையை எடுத்தார். "எந்த இடம் எண்டனீ?"

தெருவைச் சொன்னேன்.

"அது பப் எல்லோ?"

"ஓம் அத்தான். ஆனா..."

"உனக்கென்ன விசரே? பிள்ளையாரைப் பப்புக்க வைக்கிறதோ?"

அக்காதான் இடையில் புகுந்தார். "போய்ப் பாக்கிறதில என்ன குறைஞ்சு போகுது? வெள்ளிக்கு வெள்ளி சாமியைக் காருக்க ஏத்தி இறக்கிறது மட்டும் நல்லாவோ கிடக்கு?"

அத்தான் மறுபடி சோற்றைப் பிசையத் தொடங்கினார். ஆனால் சங்கத் தலைவராக இருந்த டொக்டர் பார்க்கலாம் என்றுவிட்டார். ஒரு சனிக்கிழமை காலை, பார் திறக்க முதல் போவதென்று முடிவாயிற்று. டொக்டர், அத்தான், ஃபிஜியிலிருந்து வந்த தச்சர் முனுசாமி அண்ணன், நான். கொலின் வரவில்லை. "உன் ஆட்கள். நீ காட்டு" என்றார்.

மோரீன் எங்களுக்காக ஆயத்தம் செய்திருந்தார். தலைமயிர் சுருட்டி, நல்ல உடுப்புப் போட்டு, பார் பலகையை மெழுகால் தேய்த்து வைத்திருந்தார். நாங்கள் மது தொடாதவர்கள் என்று நான் முன்பே சொல்லியிருந்ததால், லெமனேட்டில் ராஸ்பெரிப் பாகு கலந்து, நீளமான கண்ணாடிக் குவளைகளில் சிவப்பாக ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்ட்ரோ செருகி வரிசையாக வைத்திருந்தார்.

வாசலிலேயே அத்தான் நின்றுவிட்டார். கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். அக்கா கரைத்துக் கொடுத்த மஞ்சள் தண்ணீர். மாவிலைக்கு எங்கே போவது; எலுமிச்சை இலைக் கொத்து ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"இது இப்ப என்னத்துக்கு?" என்றார் டொக்டர். "வாங்கினாப் பிறகெல்லோ?"

"காலடி வைக்க முதல் தெளிக்கிறது நல்லது டொக்டர். எத்தினை பேர் குடிச்சுச் சத்தியெடுத்த இடம். தீட்டு எங்களோட வீட்டை வரக்கூடாது."

தெளித்தார். வாசல் நிலையில், தரையில், பாருக்கு முன்னால் போட்டிருந்த ரப்பர் விரிப்பில். மோரீன் பாருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"அது என்ன, லவ்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "புது இடத்துக்குப் போகும்போது செய்வது" என்றேன். அதில் பொய் இல்லை.

"ஓ, தீர்த்தம்" என்றார் மோரீன். அவர் கத்தோலிக்கர். "முன்பக்கம் எரிந்த பிறகு பாதிரியார் வந்து தெளித்தாராம், மாமியார் சொல்லுவார். அதற்குப் பிறகு யாரும் செய்யவில்லை."

அவர் முழங்காலைச் சமாளித்துக்கொண்டு அத்தானுக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணை மூடினார். சுருட்டிய தலையைக் குனிந்து கொடுத்தார்.

அத்தானின் கையில் இலைக் கொத்து அந்தரத்தில் நின்றது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமா, என்ன சொல்லியிருக்கலாம் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். தன்னை ஆசீர்வதிக்கிறார்கள் என்று நினைத்துக் குனிந்து நிற்கும் ஒரு மனுசியிடம், இது உன் அழுக்கு எங்களில் ஒட்டாமல் இருக்க என்று எந்த மொழியில் சொல்வது? அத்தான் தெளித்தார். இரண்டு மூன்று துளி. வெள்ளை மயிரில் மஞ்சள் தெரிந்தது. மோரீன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "நன்றி" என்றார்.

பிறகு, குடியுங்கள் என்றார். டொக்டர் தனக்குச் சீனி வருத்தம் என்றார். அத்தான் விரதம் என்றார். நானும் எடுக்கவில்லை. மூத்தவர்கள் எடுக்காத இடத்தில் எடுக்க எனக்குப் பழக்கமில்லை. சொல்லக்கூடிய காரணம் அவ்வளவுதான். பியர் ஊற்றிய குவளை என்பதுதான் எல்லோருடைய மனத்திலும் இருந்தது. முனுசாமி அண்ணன் மட்டும், "வெயில்ல வந்தது தாகமா இருக்கு" என்று ஒன்றைக் குடித்து, டொக்டருடையதையும் எடுத்துக்கொண்டார்.

நான் மண்டபத்தைக் காட்டத் தொடங்கினேன். நடுவில் அத்தான் கழிவறைக்குப் போக வேண்டும் என்றார்.

இந்த இடத்தில் அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நானும் கொலினும் அளந்ததிலேயே அதிகம் தொல்லை தந்தது ஆண்கள் கழிவறைக்குப் போகும் நடைவழிதான். மாடிப்படிக்குப் பின்னால் ஒரு கதவு. அது களஞ்சியக் கதவு போலத்தான் இருக்கும். அதற்குள் இரண்டு படி இறக்கம், இடப்பக்கத் திருப்பம், பியர்ப் பீப்பாய் அறை, பிறகு வலப்பக்கம். கடைசிக் கதவு நிலையில் இறுகிப் போயிருந்தது. குமிழைப் பிடித்து மேலே தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். முதல் நாள் கொலின் அதைப் பூட்டியிருக்கிறது என்று எழுதினார்.

அத்தான் யாரிடமும் வழி கேட்கவில்லை. மாடிப்படிக்குப் பின்னால் போனார். நான் மண்டப வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இருட்டில் இரண்டு படியையும் பார்க்காமலே இறங்கினார். இடப்பக்கம் திரும்பினார். சற்றுப் பொறுத்துக் கடைசிக் கதவு தூக்கித் திறபடும் சத்தம் கேட்டது. ஒரே தள்ளில்.

திரும்பிப் பார்த்தேன். மோரீன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே நடையைப் பார்த்து, "இடப்பக்கம், சேர், படி கவனம், கதவு கொஞ்சம் இறுக்கம்" என்று உரத்துச் சொன்னார். வழி தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல, டொக்டருக்கும் முனுசாமி அண்ணனுக்கும் கேட்கும்படி.

அத்தான் திரும்பி வந்து, "வழி பிடிக்கிறது கஷ்டமான இடம்" என்றார்.

கூட்டம் அடுத்த ஞாயிறு டொக்டர் வீட்டு ஹோலில் நடந்தது. ஆண்கள் நாற்காலியில், பெண்கள் கம்பளத்தில், அக்கா வழமைபோல் குசினிக்குள். நான் வரைபடத்தை விரித்து அறிக்கையை விளங்கப்படுத்தினேன். கூரை, தூண், தரை, வடிகால். மோரீனின் இரண்டு நிபந்தனைகளையும் சொன்னேன்.

"சாமிக்கு மேல மாடியில அந்த மனிசி குடியிருக்கிறதோ?" என்றார் ஒருவர்.

நியாயமான கேள்வி. "இல்லை ஐயா. அவவின்ர அறை முன்பக்கம். சாமி வைக்கிற மண்டபம் பின்னால, அதுக்கு மாடியே இல்லை. மேல ஆகாயம்தான்" என்று படத்தில் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு ஊரிலயிருந்து ஒரு ஐயரைக் கூப்பிட்டா, முந்தி இது என்ன இடம் எண்டு கேப்பார். என்ன சொல்லுறது?" என்றார் டொக்டர். அவர் வீட்டில் கொண்டாட்டம் நடந்தால் ஆண்கள் கராஜுக்குள் விஸ்கியோடு இருப்பதும், நாங்கள் உள்ளே பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதும் வழக்கம். அந்தக் கராஜின் கதவு நான் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது.

"கழுவி விட்டா போச்சு" என்றார் முனுசாமி அண்ணன். "ஃபிஜியில எங்க கோயில் முந்தி மாட்டுக் கொட்டாய். பலகை நல்ல பலகை. ஆனா கார் விடத்தான் இடம் காணாது, அதையும் சொல்லணும்."

அத்தான் கடைசியாக எழும்பினார். "குடிகாரங்கள் விழுந்து எழும்பின இடத்துக்கு எங்கட பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறதோ? அங்க என்ன மாதிரி ஆக்கள் வந்து போறவை எண்டு எங்களுக்குத் தெரியுமோ?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்திருந்தால் அந்த அறையில் என்ன கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உனக்கெப்படித் தெரியும், நீ அங்கே என்ன செய்தாய், உன்னை யார் பப்புக்குள் போகச் சொன்னது? எல்லாம் சம்பளத்துக்குச் செய்த வேலை. ஆனாலும் அந்தக் கேள்விகளை நினைத்த மாத்திரத்தில் எனக்குக் கழுத்து வரை சூடேறியது, குடித்தது நான் என்பதுபோல. குசினியில் அக்கா கோப்பை கழுவும் சத்தம் நின்றிருந்தது. நான் படத்தைச் சுருட்டினேன்.

கை உயர்த்தச் சொன்னார்கள். முனுசாமி அண்ணன் உட்பட எல்லோரும் வேண்டாம் என்றார்கள். என்னை அங்கத்தவராகச் சேர்த்திருக்கவில்லை. நான் உயர்த்த வேண்டியிருக்கவில்லை. அதற்காக அன்றைக்கு ஆறுதல்பட்டேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

திங்கட்கிழமை மோரீனிடம் போய், நின்றுகொண்டு சொன்னேன். அவர் காரணம் கேட்டார்.

"கார் விட இடம் போதாதாம்" என்றேன்.

அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியை வைத்தார். "இதோ, இந்தத் தொலைபேசியைப் பார், லவ். பின்னேரம் ஆனால் பெண்சாதிமார் எடுப்பார்கள். என் ஆள் அங்கே இருக்கிறாரா என்று. அவர் எனக்கு முன்னால் குவளையோடு இருப்பார். இப்போதுதான் வெளிக்கிட்டார், தெருவில் நெரிசலாக இருக்கும் என்பேன். எவ்வளவு காலமாகச் சொல்லி வருகிறேன். கார் கதை கேட்டால் எனக்குத் தெரியும்."

துணியை மறுபடி எடுத்தார்.

"உன்னில் கோபமில்லை. தேநீர் குடி" என்றார். அந்தக் கட்டடத்தில் நான் குடித்த ஒரே தேநீர் அது.

இடிப்பதற்கு வாங்கியவர்கள் விரைவாகவே பணம் கட்டினார்கள். இடிக்க முதல் கட்டடத்தின் முழு வரைபடமும் பதிவுக்காக வேண்டும் என்று கொலின் தன் செலவில் வேலையை முடிக்கச் சொன்னார். கடைசிச் சனிக்கிழமை பார் திறந்திருந்தது. கொலின் கூரைக்குள் இருந்தார். பார் பலகையின் நீளம் மட்டும் எனக்கு மிச்சம். ஆட்கள் சாய்ந்து நின்றதால் அதுவரை அளக்க முடியாமல் போயிருந்தது. மத்தியானம் தாண்டிக் கூட்டம் கலைந்ததும் டேப்பை எடுத்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை.

பக்கக் கதவு திறந்து அத்தான் உள்ளே வந்தார்.

என்னைக் கண்டதும் நின்றார். திரும்பிப் போயிருக்கலாம். நானும் குனிந்து பையைத் தேடியிருக்கலாம். இரண்டு பேரும் இரண்டையும் செய்யவில்லை. மோரீன் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"சேர், உங்களுக்கு அவசரமில்லை என்றால் இந்தப் பிள்ளைக்கு டேப்பின் முனையைப் பிடித்துக்கொடுங்கள்" என்றார், முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பதுபோல.

அத்தான் வந்து பூச்சியத்தைப் பலகையின் ஓரத்தில் வைத்து விரலால் அழுத்தினார். நான் மற்ற முனைக்கு நடந்தேன். "ரெடியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "ரெடி" என்றார் ஆங்கிலத்தில். வாசித்தேன். அவர் திருப்பிச் சொன்னார். கணக்காளர், இலக்கங்களை ஒவ்வொன்றாகத்தான் சொன்னார், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. "தேங்க்யூ" என்றேன். "நோ ட்ரபிள்" என்றார். அவருக்கு முன்னால் மோரீன் கைபிடி வைத்த ஒரு குவளையைக் கேட்காமலே வைத்தார். நான் மேலே கொலினிடம் போனேன். கூரையின் தூசியில் நெடுநேரம் இருந்தேன்.

நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தபோது அத்தான் வந்து குளித்துவிட்டு மேசையில் இருந்தார். அக்கா இடியப்பம் பரிமாறினார்.

"ரெண்டு பேரும் ஏன் இவ்வளவு நேரம்?"

"வழியில சனம்" என்றார் அத்தான்.

அக்கா சொதியை ஊற்றினார். என் சாப்பாட்டுக் கோப்பைக்கு, பிறகு அவருடையதுக்கு.

"ஓம், அவவும் அப்பிடித்தான் சொன்னவ. நான் போன் எடுத்தனான். இப்பதான் வெளிக்கிட்டவர், வழியில நெரிசலா இருக்கும் எண்டா. எப்பவும் அப்பிடித்தான் சொல்லுவா. குரல் நல்ல குரல். முகம்தான் ஒருநாளும் கண்டதில்லை." கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். "இனி அவ எங்க போய் இருக்கப் போறா?"

அத்தான் இடியப்பத்தைப் பிய்த்தபடி இருந்தார். புக்கெகோஹியில், மகன் வீட்டுக் கராஜில் மோரீனுக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதைச் சொல்லவில்லை. சாப்பிட்டேன்.